நான் தைத்த உறைக்குள் இருந்த துவக்கு

என் பெயர் நீலவேணி புவனேசன். வயது நாற்பத்தொன்று. பிறந்த இடம் யாழ்ப்பாணம், கொக்குவில். லண்டன், குட்மேய்ஸில் திரு. ரங்கராஜன் என்பவருடைய வீட்டின் மேல்மாடி அறையில் என் கணவர் புவனேசனுடன் வாடகைக்கு இருக்கிறேன். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் உடுப்புத் திருத்தித் தைக்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி புதன்கிழமை நடந்தவற்றை, மறுநாள் காலை பொலிஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் திருமதி றோஸ்மலர் முன்னிலையில் தமிழில் சொல்கிறேன். சட்டத்தரணி வரும்வரை பொறுக்கலாம் என்றார்கள். என் கணவர் உள்ளே இருக்கையில் எனக்குப் பொறுமை இல்லை என்று சொன்னேன்.

வீட்டுக்காரர் ரங்கராஜன் தமிழ்நாட்டுக்காரர், பொறியியலாளர். அவரிடம் அனுமதிப் பத்திரத்துடன் ஒரு துவக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கம் ஒரு கழகத்துக்குக் கொண்டுபோய்க் கடதாசி இலக்கைச் சுடுவார். அவர் அதைக் கார்பைன் என்பார். எனக்குத் துவக்கு துவக்குதான். நீளத் துவக்காக இருந்தாலும் அதற்குப் போடுவது கைத்துப்பாக்கியின் சின்னத் தோட்டா என்றும், இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தடை என்பதால் தன்னைப் போன்றவர்களுக்கு இதுதான் ஆறுதல் என்றும், நான் கேளாமலே பலமுறை சொல்லியிருக்கிறார். விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் உண்டு. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அவர் உயரம் குறைந்தவர் என்பதால் தோளில் வைக்கும் மரத்தை ஓர் அங்குலம் அறுப்பித்தார். அதன் பின்னர் குறி பார்க்க வேறு வளையம் பூட்டினார். அதன் பின்னர் உள்ளே இருந்த சுருள்வில்லை மாற்றி விசையை இலகுவாக்கினார். கலியாணப் பெண்ணைச் சோடிப்பதுபோல் அதற்கு வாரம் ஒரு வேலை நடக்கும்.

இந்த வருடம் மாசி மாதம் தோலும் மெழுகு நூலும் தந்து, அந்த இரும்பு வளையத்துக்குத் தோல் சுற்றித் தைக்கும்படியும், கொண்டுபோக ஒரு கன்வஸ் உறை தைக்கும்படியும் கேட்டார். வாடகைக்கு இருப்பவள் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? துவக்கைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு அவரும் பக்கத்திலேயே நின்றார். ஆயிரம் காற்சட்டைக்கு அளவெடுத்த நான், ஊசியை எடுக்காமல் எட்டி நின்றேன். "உள்ள ஒண்ணும் இல்லம்மா, பாருங்க" என்று திறந்து காட்டினார். நான் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் படிக்கட்டுக்குக் கீழே உள்ள இரும்பு அலுமாரியில் பூட்டினார். சாவி எங்கே என்பது அவருடைய மனைவி ராஜலட்சுமிக்கே தெரியாது. சட்டம் அப்படி என்பார்.

ஓகஸ்ட் மாதம் என் கணவரின் தம்பி குலசேகரம் கிளிநொச்சியில் ஷெல் விழுந்து இறந்தார். கொஞ்சம் பொறு, நிலைமை சரிவரும் என்று தம்பியை அங்கேயே இருக்கச் சொன்னவர் இவர்தான். அதன் பின்னர் இவர் வேலைக்குப் போகவில்லை, நித்திரை கொள்ளவில்லை. டொக்டர் நித்திரைக் குளிசை கொடுத்தார். அந்தக் குளிசைகளை என் கைப்பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவேன். இரவில் ஒன்றை மட்டும் என் கையால் கொடுப்பேன். வீட்டில் இருந்த கத்தரிக்கோலையும் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். இதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஊரெல்லாம் கதையாகிவிடும், வீட்டுக்காரர் அறையை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அது என் பிழை.

செப்டெம்பரில் ரங்கராஜன், "சார் ரூம்லயே அடைஞ்சு கிடக்குறாரே, எங்க கிளப்ல விருந்தாளிங்க வர்ற நாள் இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். அங்கே இவரும் ஆட்கள் பக்கத்தில் நிற்கப் பத்து வெடி சுட்டாராம். வந்து சாப்பிடும்போது, "நீலா, அந்த விசையில விரலை வைச்சாலே காணும், இழுக்கத் தேவையில்லை, அவ்வளவு லேசு" என்றார். தம்பி செத்த பிறகு அன்றுதான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டார். போட்டேன். அதன் பின்னர் அந்த வாரத்திலேயே, ரங்கராஜன் சாவியை எங்கே வைக்கிறவர் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

ஒக்டோபர் 8 ஆயுத பூஜை. நான் வேலை முடிந்து ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சமையலறைக்குப் போகும் வழியில் முன் அறைக் கதவு திறந்திருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், திருகாணிச் சாவிகள், மடிக்கணினி எல்லாம் பொட்டு வைத்து அடுக்கியிருந்தன. நடுவில் சிவப்புத் துணியில் துவக்கு இருந்தது. மரத்தில் சந்தனமும் குங்குமமும், நான் தோல் தைத்த வளையத்தில் செவ்வந்திப் பூவும் இருந்தன. பக்கத்தில் வெற்றிலையில் ஐந்து தோட்டா. பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். வீட்டில் ஒருவரும் இல்லை. இருவரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். மனைவிக்கே சாவியைக் காட்டாத மனிதர், சாமிக்கு முன்னால் இருப்பதை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது.

டொக்டரிடம் போன என் கணவர் இரண்டு மணிக்கு வந்துவிடுவார். ரங்கராஜனுக்கு மூன்று தடவை ரெலிபோன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. இரும்பு அலுமாரி பூட்டியிருந்தது. முன் அறைக்கோ எங்கள் அறைக்கோ பூட்டு இல்லை. ஏன் பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். துவக்கு என்று சொன்னால் துவக்கோடுதான் வருவார்கள், அந்த நேரம் இவர் வாசலில் நிற்பார் என்று பயந்தேன். அதன் பின்னர் கதவுக்குப் பின்னால் தொங்கிய கன்வஸ் உறையை எடுத்து, துவக்கைத் தூக்கி அதற்குள் வைத்தேன். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஐந்து தோட்டாவையும் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணம்.

பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்டப் போகையில் என் கணவர் பஸ்சால் இறங்கினார். அது எந்த உறை என்று அவருக்குத் தெரியும். நான் தைத்தபோது பார்த்துக்கொண்டிருந்தவர். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு "தா, நான் கொண்டு வாறன்" என்று கையை நீட்டினார். நான் பின்னால் போனேன். அவர் கிட்ட வந்தார். "தொடாதேங்கோ! கும்பிட்டுக் கேக்கிறன், தொடாதேங்கோ!" என்று கத்தினேன். பதினாறு வருடத்தில் நான் அவரிடம் கத்தியது அன்றுதான். உறையின் வாய் திறந்து குழாய் வெளியே தெரிந்ததை அப்போது கவனிக்கவில்லை. தரிப்பிடத்தில் நின்றவர்கள் ஓடினார்கள். நான் துவக்கைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மதிலில் சாய்ந்து நின்றேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அதன் பின்னர் ஆயுதம் தாங்கிய பொலிசார் வந்தார்கள். சொன்னபடி மெதுவாகக் கீழே வைத்தேன். இருவரையும் நிலத்தில் முகம் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்போது என் கணவர், அதை எடுத்தது தான்தான், மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றும் அதையே சொல்கிறாராம். ஐந்து வருடம்வரை சிறை கிடைக்கலாம் என்று சொன்ன பிறகும் மாற்றவில்லையாம்.

அது பொய். அன்று அவர் துவக்கைத் தொடவே இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார். அவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், நான் துவக்கை எடுத்தது அவருக்குப் பயந்து என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சாகப்போவதாக எப்போதாவது சொன்னாரா என்று கேட்டீர்கள். ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் என் பயம். இதை அவருக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். குளிசையையும் கத்தரிக்கோலையும் ஏன் கடைக்குக் கொண்டுபோனேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவரும். தெரியட்டும்.

திருமதி றோஸ்மலர் இவ்வளவையும் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றுமில்லை, யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கையெழுத்து வைக்குமுன் ஒன்றைச் சேர்த்து எழுதும்படி கேட்கிறேன். என் கணவரை விடும்போது தனியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவரை அடைத்தபோது இடுப்புப் பட்டியையும் சப்பாத்து நூலையும் கழற்றி எடுத்துவிட்டதாகவும், மணிக்கொரு தடவை ஓர் ஆள் கதவால் பார்ப்பதாகவும் நேற்றுச் சொன்னார்கள். ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நான் நித்திரை கொண்டேன்.

(ஒப்பம்) பு. நீலவேணி
09.10.2008