மாம்பழ மஞ்சளில் முப்பத்திரண்டு முதுகுகள்

எனக்கு முன்னால் பேசியதால் என் நடுக்கத்தைப் பாதி குறைத்துவிட்ட அவைத்தலைவர் அமிர்தலிங்கம் ஐயா அவர்களே! கடை நடத்தும் கைகளால் இந்த விழாவையும் நடத்தும் மகளிர் சிறுதொழில் சங்கத்துப் பெரியோர்களே! என் முதலாளி ஹமீதா பானு அக்கா அவர்களே! திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்து, இடப்பக்கம் முழுவதும் மஞ்சளாய் மலர்ந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அறிவுமதியின் வணக்கம்.

என்ன? கேட்கவில்லையா? மைக்கை இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொள்கிறேன். இப்போது கேட்கிறதா? என் நெஞ்சு அடித்துக்கொள்வதும் சேர்ந்து கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டின் சிறந்த விளம்பரம் என்று எங்கள் 'மகுடம்' விக் கடைக்குப் பரிசு கொடுத்திருக்கிறீர்கள். விக் என்றால் சவுரிதானே என்று முன்வரிசையில் ஒரு ஐயா கேட்கிறார். இல்லை ஐயா. சவுரி பின்னலுக்கு நீளம் தரும். விக் தலைக்கே துணிவு தரும்!

அதை என்னைவிட யார் அறிவார்? ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் புழுவெட்டு வந்தது. முடி வட்ட வட்டமாக உதிர்ந்து, கடைசியில் முழுவதும் போனது. தலையை மறைத்துக்கொண்டு போனேன், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், பிறகு பள்ளிக்கே போகவில்லை. கீழவாசலில் மாடியில் இருக்கும் கடையில் ஹமீதா அக்கா எனக்கு ஒரு விக் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பினார். அன்றே அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கையில் செல்போன் கொடுத்து, "வர்றவங்கள முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு படம் எடு. இன்ஸ்டாகிராம்ல போடு. அது ஒண்ணுதான் நமக்கு விளம்பரம்" என்றார்.

எடுத்தேன். போட்டேன். யாராவது பார்த்தார்களா? பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் நாலு பேர் அக்காவின் சொந்தக்காரர்கள்!

அப்போதுதான் ஓர் அக்கா வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். மற்றதையெல்லாம் சொல் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். உடம்புக்கு முடியாமல் மருந்து சாப்பிட்டதில் முழு முடியும் போயிருந்தது. வயலில் தலைத்துண்டு, வீட்டில் முக்காடு என்று தெருவுக்கே தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். தெரிந்தால் என்னவாம்? சம்பா நடவு தொடங்கும் நேரம். "சீக்குக்காரின்னு தெரிஞ்சா சேத்துல எறங்க யாரு கூப்பிடுவா?" என்றார்.

முகம் வராமல் முதுகுப்பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். எடுத்தேன். முதல் படத்தில் முடியில்லாத தலை, அடுத்த படத்தில் முழங்கை நீளப் பின்னல். அன்று மாலைக்குள் எட்டாயிரம் பேர் பார்த்தார்கள்! நான் மாடிப்படியில் துள்ளித் துள்ளி இறங்கினேன்.

மறுநாள் காலையில் அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. அழுகை. "கழுத்துக்கு மேல மறச்சியே, கழுத்துக்குக் கீழ மறைக்க மறந்துட்டியேம்மா!"

சேலை! மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சைக் கரை. மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் தெருவில் முப்பத்திரண்டு பெண்களும் ஒரே மாதிரி எடுத்த சேலை. முகத்தை மறைத்தேன், தெருவையே காட்டிவிட்டேன். அங்கே ஒருத்தி பின்னலை ஒருத்தி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

படத்தை உடனே நீக்கினேன். நீக்கினால் போதுமா? பார்த்த கண்களிலிருந்து நீக்க முடியுமா? மன்னிப்புக் கேட்க பஸ் ஏறினேன். அந்த அக்கா வீட்டுக்கு நேராகப் போனால் காட்டிக் கொடுத்ததாகிவிடுமே என்று தெருமுனையிலேயே தயங்கி நின்றேன். என் கையிலிருந்த 'மகுடம்' கடைப் பையைப் பார்த்ததும், தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் வளைத்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, போட்டோ போட்ட பொண்ணு நீதானே? யாரு அது? பேரச் சொல்லு."

"சொன்னாத்தான் பஸ் ஏற விடுவோம்!" இதைச் சொன்னவர் பூவிழி அக்கா. அதோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கூட்டத்தில் அந்த அக்காவும் நின்றார். அவர் பக்கம் என் கண் போய்விடக் கூடாதே என்று மண்ணைப் பார்த்தேன். பத்துப் பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். என்ன செய்வேன்?

என் விக்கைக் கழற்றினேன்.

"பேரு சொல்ல மாட்டேங்க. மொட்டத் தல பாக்கணும்னா, இதோ என் தல இருக்கு. பாத்துக்குங்க."

பூவிழி அக்காதான் முதலில் வந்தார். "தொட்டுப் பாக்கலாமா?" என்றார். என் தலையைத் தொடவில்லை. விக்கை வாங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். "எப்புடிடி இருக்கு?"

"ஒன் புருஷன் யாரோன்னு நெனச்சு மரியாதையா வாங்கன்னுவாரு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தெருவே சிரித்தது. சிரித்து முடித்ததும் பூவிழி அக்கா சொன்னார்: "யாருன்னு இனிமே ஒருத்தியும் கேக்கக் கூடாது. பாப்பா, ஒருத்தி முதுக எடுத்தாத்தானே அடையாளம்? எல்லார் முதுகையும் எடு!"

மறுநாள் வாய்க்கால் வரப்பில் முப்பத்திரண்டு பேரும் அதே சேலையில், முதுகு காட்டி, பூ வைத்து நின்றார்கள். நான் போனைத் தூக்கும்போது பூவிழி அக்கா வரிசையில் ஒருவர் காதோடு குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது. "பூவ இந்தப் பக்கம் தள்ளி வையிடி. விக்கு ஓரம் தெரியுது. நாளைக்கி நடவுக்கு அஞ்சு மணிக்கே வந்துரு."

அம்மா! அவருக்குத் தெரிந்திருந்தது! தெரிந்தும் கேட்கவில்லை, தெரிந்தும் கூப்பிட்டார்!

படத்தின் கீழ் ஒரே வரி எழுதினேன்: 'இவர்களில் ஒருவருக்கு விக். யாருக்கு?' நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்! நாகப்பட்டினத்திலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் கேட்டு வருகிறார்கள்! ஊகித்தவர்களில் பாதிப் பேர் பூவிழி அக்காவைத்தான் சொன்னார்கள். "இது எம் சொந்த முடிடா!" என்று அவர் குரல் பதிவு அனுப்பினார்.

இன்று எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தைப் போடுமுன் வந்தவர் கையிலேயே போனைக் கொடுப்போம். தலை, சேலை, வளையல், பின்னால் தெரியும் சுவர் வரை அவர் பார்த்து, "போடு" என்றால்தான் போடுவோம். ஒருவரை அழகாக்கிக் காட்டலாம். அவர் அனுமதி இல்லாமல் காட்டலாமா?

என்ன சத்தம் அங்கே? "அந்த அக்கா வந்திருக்காங்களா?" என்கிறீர்களா? வந்திருக்கிறார்! முப்பத்திரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து நீங்கள் எல்லோரும் இடப்பக்கம் திரும்பித் திரும்பித்தான் பார்க்கிறீர்கள். கண்டுபிடித்தீர்களா?

இல்லையே! அதுதான் ஐயா எங்கள் கடையின் விளம்பரம்!

பேச வைத்த சங்கத்துக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், முதுகு கொடுத்து என்னைக் காத்த அந்த முப்பத்திரண்டு பேருக்கும் நன்றி. வணக்கம்.