ஐந்தருவியில் குவிந்த பத்துப் புள்ளிகள்

முப்பத்தோராண்டுகள் எங்கள் தென்காசிப் பள்ளியில் புவியியல் புகட்டி, இன்று ஓய்வுபெறும் ஆசிரியை பேராச்சி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய பத்துப் பேர் உள்ளம் கூசி அளிக்கும் மடல்.

பாரளந்து பாடம் தந்த பண்பின் செல்வியே!

சுவரில் தொங்கிய தூசிபடிந்த படத்தைக் கழற்றிவிட்டு, கணினித் திரையில் ஊரையே விரித்துக் காட்டினீர்கள். வரைபடம் புவியியலுக்கு மட்டும் சொந்தமில்லை என்று எல்லாப் பாடத்துக்குள்ளும் அதைக் கொண்டுபோனீர்கள். புளியங்குடி எலுமிச்சை எந்தெந்தச் சந்தைக்கு லாரி ஏறுகிறது என்று பொருளியல் மாணவர்கள் கோடு போட்டார்கள். கணக்கு வகுப்பில் குத்துக்கல்வலசையின் புது மனைகளைத் திரையிலேயே அளந்து பரப்புக் கணக்குப் போட்டார்கள். கடையநல்லூரில் தறி ஓடும் தெருக்களை வரலாற்று மாணவிகள் ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். தன் ஊரைத் திரையில் கண்டுபிடித்த பிள்ளை துள்ளிக் குதித்ததை நாங்களும் பார்த்தோம். பார்த்துவிட்டு, “இந்த அம்மாவுக்கு வேற சோலியில்ல” என்று ஓய்வறையில் முணுமுணுத்தவர்களும் நாங்களே.

பொய்யறியாப் பெருந்தகையே!

சென்ற ஆண்டு சாரல் காலத்தில் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. மாணவர்களை அழைத்துப்போகும் ஊருக்கு ஆசிரியர் முன்கூட்டியே போய், படம் எடுத்து, வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஓர் ஊர். ஒரு நாள் வெளிப்பணி. நாங்கள் பத்துப் பேரும் ஒரே வேன் பிடித்தோம். போனது குற்றாலம் ஐந்தருவிக்கு. எண்ணெய் தேய்த்து ஆசைதீரக் குளித்தோம். ஜூஸ் கடையில் எலுமிச்சம்பழத்தை அடுக்கிவைத்துப் புளியங்குடிச் சந்தை என்று படம் எடுத்தோம். துண்டு விற்றவரின் விரிப்பைக் கடையநல்லூர்த் தறித்துணி ஆக்கினோம். படம் எடுத்த இடத்தையும் கைப்பேசி சேர்த்தே அனுப்பும் என்று தாங்கள் ஆறாண்டாய்ச் சொன்னது ஒருவர் காதிலும் ஏறியிருக்கவில்லை. மறுநாள் தங்கள் திரையில் பத்துப் புள்ளிகளும் அருவிக்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.

கணக்காசிரியர் ஜெபஸ்டின் கெஞ்சினார். “டீச்சர், அந்தப் புள்ளியள நீங்களே ஆளுக்கொரு ஊருக்கு நகத்தி வச்சிருங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“நகத்த மாட்டேன் சார்” என்றீர்கள். “இன்னும் ஒரு வாரம் கெடக்கு. பஸ் ஏறிப் போயி எடுத்துட்டு வாங்க. இங்கன குளிச்சுட்டு அங்கன நின்னேன்னு நாமளே சொன்னா, பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்க?”

ஒருவரும் போகவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் திரையைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு விளக்கம் கேட்டார்கள். பொருளியல் ஆசிரியர் விஸ்வநாதன் ஒரு தாள் எழுதினார். நாங்கள் எல்லாரும் அவரவர் ஊருக்குப் போனோம், பேராச்சி டீச்சர்தான் பதிவை மாற்றிவிட்டார் என்றது அந்தத் தாள். பத்துப் பேரும் கையெழுத்திட்டோம். தங்கள்மேல் விசாரணை வந்தது. முறைப்படி தங்களுக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலி விஸ்வநாதனுக்குப் போனது. சற்றுமுன் தங்களுக்குப் பொன்னாடை போர்த்தியவர் அவரே.

பதவி போனதற்குத் தாங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. “நான் பொய் எழுதுனேன்னு பிள்ளையளே நம்பிட்டா என்ன சார் செய்ய?” என்று மட்டும் கேட்டீர்கள். வெட்கமாக இருக்கிறது, அம்மா. கணினி அறை அன்று பூட்டியதுதான். பிள்ளைகள் மறுபடி சுவர்ப்படத்தையே பார்க்கிறார்கள்.

பொறுமைக்குப் புகலிடமே!

தங்களை வாழ்த்தும் தகுதி எங்களுக்கில்லை. ஆனாலும் கண்ணொளி மங்காமல், கால் வலு குறையாமல், நிம்மதியாய் நெடுங்காலம் இருங்கள்.

தங்கள்மேல் இன்னும் முடியாமல் இழுபடும் விசாரணையின் கடைசி அமர்வு வரும் வியாழக்கிழமை. இந்த மடலுக்குக் கண்ணாடி போட்டு மாட்டிவைக்க வேண்டாம். இதை எழுதியவர் தமிழாசிரியர் பால்வண்ணநாதன். பாராட்டு மடல்தானே என்று மற்ற ஒன்பது பேரும் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார்கள். இப்போது மேடையில் இது வாசிக்கப்படும்போதுதான், தங்களோடு சேர்ந்து, முதன்முறையாகக் கேட்கிறார்கள். தலைமையாசிரியரின் முத்திரையும் விழுந்திருக்கிறது. கூட்டம் முடியும்வரை காத்திராமல், இதை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். விசாரணை அதிகாரி கையில் நேரே கொடுங்கள்.

இங்ஙனம்,
அன்று ஐந்தருவியில் குளித்தவர்கள்:
விஸ்வநாதன், தலைமையாசிரியர்
ஜெபஸ்டின்
பால்வண்ணநாதன்
மற்றும் எழுவர்