மயக்கத்துல இருக்கறவங்க பேசக்கூடாது, மேடம்

கை வலிக்குதாவா? வலிக்காம என்ன மேடம்! முழங்கைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஏதாவது பாக்கி இருக்கான்னே தெரியல. விரலெல்லாம் எங்கயோ வெளியூருக்குப் போன மாதிரி இருக்கு. ஆனா இதையெல்லாம் நீங்க கேக்கக்கூடாது. பரீட்சைக்குன்னு உங்க கழுத்துல தொங்க விட்ட சீட்டுல என்ன போட்டிருக்கு? 'மயக்கம். மூச்சு உண்டு. கூப்பிட்டா பதில் இல்ல.' பதில் இல்லாதவங்களுக்குக் கேள்வி மட்டும் எங்கேருந்து வரும்? கண்ணை மூடுங்க. ஆங்... அப்படித்தான். வாயையும். அடடா, நான் போய் உங்களைப் பேசாதீங்கன்னு சொல்றேன் பாருங்க! நூலகத்துல ராத்திரி உக்காந்து எலும்புப் பேரெல்லாம் வாய்விட்டுப் படிக்கும்போது எத்தனை தடவ என்னைப் பாத்து 'ஷ்ஷ்'னு சொல்லியிருப்பீங்க, ப்ரீசன் மேடம்! இன்னிக்கு நம்ம நாளு. நீங்க பேசவே முடியாது. நானும் எங்கயும் போக முடியாது. எப்பேர்ப்பட்ட ஜோடி!

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க. சிரிச்சா கழுத்து ஆடும். கழுத்து ஆடினா நான் காலி.

சட்டம் அப்படி மேடம். விபத்துல விழுந்தவங்க கழுத்தெலும்பு உடைஞ்சிருக்கலாம்னு சந்தேகம் வந்தா ரெண்டு கையால தலைய இப்படி அணைச்சுப் பிடிக்கணும். கழுத்துப் பட்டையோட இன்னொருத்தன் வந்து மாட்டுற வரைக்கும் விடக்கூடாது. தலையப் பிடிச்சவன் பிடிச்சவன்தான். பூகம்பம் வந்தாலும் பிடிச்சவன்தான்.

போன வருஷம் இதே பரீட்சைல எனக்கு என்னாச்சு தெரியுமா? தெரியாம இருக்குமா, இந்த ஊர்ல... செப்டம்பர் மாசம், நல்ல வெயிலு. கீழ ஒருத்தர் படுத்திருக்காரு, நான் மண்டிபோட்டு இதே மாதிரி தலையப் பிடிச்சிருக்கேன். ஒரு குளவி வந்துச்சு மேடம். அத்தாம்பெரிய மைதானத்துல அதுக்கு வேற எடமே கெடைக்கல. நேரா என் மூக்கு மேல. ஊதினேன், போகல. மொறச்சேன். மூக்கு மேல உக்காந்திருக்கறதை மொறச்சுப் பாருங்க, ரெண்டு கண்ணும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். ஒரே ஒரு கைதான் எடுத்தேன். ஒரு கை! சிக்ரிட் டீச்சர் பேனாவ எடுத்து சர்ருனு ஒரு கோடு. 'மெல்வின், உன் மூக்கு பொழச்சுது, ஆள் போயிட்டாரு'ங்கிறாங்க. அந்தச் செத்த மனுஷன் எந்திரிச்சு, தூசியத் தட்டிக்கிட்டு, 'விடுப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னு என் தோளைத் தட்டிட்டுப் போறாரு. பொணம் ஆறுதல் சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா?

அப்புறம் என்ன, மறுபடி மொதல்லேருந்து படிப்பு. பகல்ல ஐஸ் ஹாக்கி மைதானத்துல ஐஸத் தேச்சு வழவழப்பாக்குற வண்டி ஓட்டறது, சாயங்காலம் காலேஜு. லோர்னா பாவம், என் வீட்டுக்காரி... அவ தலையப் பிடிச்சுத்தான் பழகினேன். அவளைக் கம்பளத்துல படுக்க வச்சுட்டு, டிவில ஹாக்கி ஓட விட்டுட்டு, ஆட்டம் முடியற வரைக்கும் விடறதில்லனு வைராக்கியம். நல்லாத்தான் போச்சு. நம்ம வின்னிபெக் டீம்காரன் ஒரு கோல் போட்டான் பாருங்க... நான் கைய விடல மேடம், சத்தியமா விடல. எகிறிக் குதிச்சேன், அவ தலையும் கூடவே வந்துடுச்சு. மறுநாள்லேருந்து அவளுக்கு வலது பக்கம் மட்டும்தான் பாக்க முடிஞ்சுது. என்கிட்ட பேசணும்னா சுவத்தப் பாத்துத்தான் பேசுவா.

சிரிக்காதீங்கன்னேனா இல்லையா? மூச்சை இழுத்து விடுங்க. மயக்கமா, மரியாதையா.

இந்தத் தடவ விடறதா இல்ல மேடம். இன்னிக்குத் தேறிட்டா திங்கக்கிழமை ஆம்புலன்ஸ்ல வேலைக்கு ஏறிடுவேன். தேறலன்னா பழைய குருடி கதைதான், சிக்ரிட் டீச்சரே சொல்லிட்டாங்க, மூணாவது வருஷம் சேத்துக்க மாட்டாங்களாம். அப்புறம் ஐஸ் வண்டிதான் காலம் பூரா. அந்த வண்டி மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா பாருங்க, சின்னப் பசங்க ஆட்டத்துல எவனாவது விழுந்து மண்டைய ஒடைச்சுக்குவான். எல்லாரும் அவனைச் சுத்தி நிப்பாங்க. நான் ஓரமா சுரண்டுற கரண்டியோட நிப்பேன். அவனைத் தூக்கிட்டுப் போனப்புறம் ஐஸ்ல இருக்கற ரத்தத்தைச் சுரண்டணும், அது என் வேலை. எத்தனை வருஷம் மேடம் ரத்தம் மட்டும் நமக்கு, ஆளு இன்னொருத்தருக்குன்னு நிக்கிறது? அதான் சேந்தேன்.

சரி, அந்தக் கழுத்துப் பட்டை எங்கய்யா?

ஒருத்தனும் அசையலயே! பாருங்க... நீங்க பாக்காதீங்க, நான் பாத்துச் சொல்றேன். விபத்து மாதிரி காட்டப் பள்ளிக்கூட பஸ்ஸப் படுக்கப் போட்டாச்சு. ஊர்ல பாதிப்பேரு ரத்தத்துக்குப் பதிலா கெட்சப்பு பூசிக்கிட்டுத் தரையில கெடக்காங்க. மூலையில பனிக்குவியல் இன்னும் கரையவே இல்ல, அது பக்கத்துல ஒருத்தர் நடுங்கிக்கிட்டே செத்துக் கெடக்காரு. கூடாரத்துல பிட்சா வந்து எறங்கியாச்சு, வாசனை வருதா? என் வகுப்புப் பசங்கள்லாம் ஸ்ட்ரெச்சரும் பட்டையும் வச்சுக்கிட்டு அந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் சும்மா நிக்கிறானுங்க!

எல்லாம் அந்த அட்டைக்காரனால வந்த வினை.

அதான் மேடம், கலர் அட்டை கட்டறவன். பெரிய விபத்துன்னா ஒருத்தனுக்கு அந்த வேலை. மொதல்ல உள்ள போகணும். நடக்கறவங்களுக்குப் பச்சை, அப்புறம் பாத்துக்கலாம்னா மஞ்சள், உடனே தூக்கணும்னா சிவப்பு, போயிட்டவங்களுக்குக் கறுப்பு. அவன் அட்டை கட்டினாத்தான் மத்தவன் கயித்தைத் தாண்டி வரலாம். எவ்ளோ சுலபமான வேலை பாருங்க! வைத்தியம் பாக்கக்கூடாது, பேச்சுக் குடுக்கக்கூடாது. பாத்தமா, கட்டினமா, அடுத்த ஆளுக்குப் போனமா. யாருகிட்டயும் உக்காந்துடக் கூடாது, அது ஒண்ணுதான் அவனுக்கு விதி. அதைக்கூடச் செய்யத் துப்பில்லாத ஒருத்தனுக்கு அந்த வேலையக் குடுத்திருக்காங்க! எவனோ பொழுது விடியறதுக்கு முன்னாடியே பிட்சாக் கூடாரத்துல போய்ப் பூந்திருப்பான். கேக்குதா? கத்தறாங்க பாருங்க, 'அட்டை! அட்டை!'னு. கத்துங்கப்பா, கத்துங்க. சொரணை உள்ளவனா இருந்தா வருவான்.

எனக்கா? எனக்கு என்ன வேலைன்னு யாரு சொன்னா. காலையில பசங்க பயிற்சிக்கு ஐஸ் தேச்சுக் குடுத்துட்டு ஓடி வரேன், வேலை பிரிச்சுக் குடுத்து முடிச்சுட்டாங்க. சிக்ரிட் டீச்சர் கடைசியா இருந்த ஒரு ஜாக்கெட்டத் தூக்கி எறிஞ்சு, 'போட்டுக்கிட்டு உள்ள ஓடு, நீதான் மொதல்ல'ன்னாங்க. ஓடினேன். மொதல்ல கண்ணுல பட்டது நீங்க. பிடிச்சேன். அவ்ளோதான்.

டீச்சர் அங்க நாற்காலி போட்டு என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க மேடம். ரெண்டு கையாலயும் மூஞ்ச மூடிக்கிறாங்க, மறுபடி எடுத்துப் பாக்கறாங்க. உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க போல. போன வருஷம் ஒரு குளவிக்குக் கைய விட்டவன் இன்னிக்கு இந்தக் குளிர்ல செல மாதிரி உக்காந்திருக்கான்னா... டீச்சருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல.

யோவ் கார்டன்! என்னய்யா உனக்கு? காலு ஒடைஞ்சவன் காலப் பிடிச்சுக்கிட்டு அழு, எதுக்கு என்னையக் கூப்பிடற? ...ஆணிக்கடை கார்டன் மேடம். கோழி எலும்பக் கால்ல ஒட்டிக்கிட்டு, காலையிலேருந்து ஊரைக் கூட்டுற மாதிரி கத்திக்கிட்டு இருந்தான். இப்போ அழுகைய நிறுத்திட்டுச் சிரிக்கிறான். ...என்ன? முதுகா? என் முதுகுல என்ன? நல்லா இருக்குய்யா கதை, நான் திரும்பிப் பாத்துக் கைய விட்ருவேன்னு பாக்கறியா? ...எழுதியிருக்கா? என்னய்யா எழுதியிருக்கு? சத்தமாப் படி.

...

இன்னொரு தடவ படி.

மேடம்.

கார்டன் பொய் சொல்ற ஆளு இல்ல. ஆணி கேட்டா ஆணி, திருகு கேட்டா திருகு.

ஜாக்கெட்டுப் பையில காலையிலேருந்து என்னமோ நெஞ்சக் குத்துதே, குத்துதேன்னு நெனச்சேன். சாண்ட்விச்சுப் பொட்டலமா இருக்கும்னு... நீங்க கொஞ்சம் ஓரக்கண்ணால பாத்துச் சொல்லுங்க. இப்ப கண்ணைத் தொறக்கலாம், பரவால்ல. கலர் கலரா? கட்டுக்கட்டா அட்டையா?

ஐயய்யோ.

அப்போ அவங்கள்லாம்... அந்தப் பனிக்குவியல் கிட்ட நடுங்கறாரே அந்தப் பொணம்... எல்லாரும் எனக்காகவா? டீச்சர் மூஞ்ச மூடினது...

இருங்க. யோசிக்க விடுங்க. கைய விட்டா போன வருஷம் மாதிரி கோடு. கைய விடலன்னா... விடலன்னா உங்க ஒருத்தருக்காக ஊரே செத்துக் கெடக்கும். அட்டைக்காரன் யாருகிட்டயும் உக்காரக்கூடாது, இப்பத்தான் நானே வாய் கிழியச் சொன்னேன். உங்களைப் பிடிச்சதுதான் மேடம் தப்பு. உங்களை நான் இவ்ளோ நல்லாப் பிடிச்சிருக்கேனே, அதான் மொத்தத் தப்பும்!

சரி. மொதல் வேலை என்ன? அட்டைக்காரன் வந்ததும் மொதல்ல கத்தணும். கத்தறேன், காதைப் பொத்த முடியாது, பொறுத்துக்கங்க.

நடக்க முடிஞ்சவங்கள்லாம் எந்திரிச்சுக் கூடாரத்துக்குப் போங்கோ...!

ஆ, எந்திரிக்கிறாங்க. நல்லது... ம்? கார்டன், உனக்குக் காலு ஒடைஞ்சிருக்குய்யா! அட, எலும்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடறான் மேடம்! அந்தாளு கொடலு சரிஞ்சவரு, கொடலத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறாரு! ஏங்க, நீங்க செத்தவங்க! செத்தவங்கள்லாம் படுங்க! போச்சு. பனிக்குவியல் பொணம்தான் முன்னாடி ஓடுது. பிட்சாவுக்கு முன்னாடி எந்தச் சீட்டும் நிக்காது போலயே. ஒருத்தர் பாக்கி இல்ல. இந்த மைதானத்துலயே இப்போ நீங்க ஒருத்தர்தான் விழுந்து கெடக்கீங்க.

நீங்க ஏன் போகல? நான் பிடிச்சிருக்கேன்னா? ...இல்லயா? 'மயக்கத்துல இருக்கேன்'ங்கிறீங்களா!

மேடம், உங்களை மாதிரி ஒரு மயக்கம் எனக்கு வாழ்க்கையில கெடைக்காது.

விடறேன். இதோ விட்டுட்டேன்... விடலயா? மனசு விட்டுடுச்சு, விரலுக்குச் சேதி போகல. ஒவ்வொண்ணாப் பிரிக்கணும். கட்டைவிரல்... இது என்னோடதா உங்களோடதா? ஆங். வந்துடுச்சு. மூச்சு இருக்கு, கூப்பிட்டா பதில் இல்ல, அப்போ சிவப்பு. கைய நீட்டுங்க. நீங்க நீட்டக்கூடாது, நானே எடுத்துக்கறேன். நூல் முடிச்சு மட்டும்...

என்ன டீச்சர்? கட்டக்கூடாதா? ஏன்?

...

கேட்டீங்களா மேடம்? மொதல் அட்டை கட்டினப்புறம்தான் பரீட்சை ஆரம்பமாம். நான் இன்னும் ஒண்ணுகூடக் கட்டல! அப்போ எனக்குப் பரீட்சையே தொடங்கலயாம். தோக்கறதுக்குக்கூட நான் இன்னும் ஆரம்பிக்கல, மேடம்! எல்லாரையும் பிட்சாவோடவே திரும்பப் படுக்கச் சொல்லிட்டாங்க. நான் கயித்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னு, மொதல்லேருந்து வரணுமாம். கூப்பிடறாங்க, கை தட்டறாங்க பாருங்க.

போறேன். மறுபடி வருவேன். ஆனா ஒண்ணு, அப்போ உங்களைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன். மூச்சப் பாப்பேன், செவப்பக் கட்டுவேன், போய்க்கிட்டே இருப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். கோவிச்சுக்கக்கூடாது, என்ன?

வந்துட்டேன் டீச்சர்!