தங்கையின் தனி ஆல்பம்

பாடுகிறவர்கள் ஹெட்ஃபோனில் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்பார்கள். ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பின்னணி இசை காதை நிறைத்தால்தான் அவர்களுக்குத் தைரியம் வரும், தைரியம் வந்தால்தான் குரல் வரும். என் தங்கையும் அப்படித்தான். "இன்னும் கொஞ்சம் ஏத்துக்கா" என்பாள். நான் ஏற்றுவேன். எங்களுக்குள் வெகுநாளாக இருந்த ஏற்பாடு அது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டீர்கள் என்றால் இதில் புரியாதது ஒன்றுமில்லை.

அம்மா இறந்தபோது தங்கை பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, புல்லாங்குழல் வகுப்புக்கு அழைத்துப்போய் முடியும்வரை வாசலில் நின்றது எல்லாம் நான்தான். என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ஒருவர் கேட்டார். நல்ல மனிதர். அவளைத் தனியாக விட மனம் ஒப்பாமல் வேண்டாம் என்றேன். பின்னால் ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே, "உன்னை யாருக்கா இருக்கச் சொன்னா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் இசை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது கல்யாண வீட்டில் போடுகிற இசை இல்லை. பாழடைந்த மாளிகை, பனி, செத்துப்போனவர்களின் காதல், இந்த மாதிரி விஷயங்களைப் பற்றிய பாட்டுகள். அவள் பாடுவாள், குழல் வாசிப்பாள். நான் சிந்தசைசரும் தாள மெஷினும் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பேன். லிஃப்ட் கதவு முனகுவதைப் பதிவு செய்து தாளமாக்குவோம். காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் குழல் வாசிக்க வைத்து எதிரொலி எடுப்போம். தாலாட்டு ஒன்று இயந்திர இரைச்சலாக மாறி முடியும். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மாடியேறி வந்து, "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று ரொம்பப் பணிவாக விசாரித்தார். கறுப்பு உடையும் கறுப்பு உதட்டுச் சாயமும் இல்லாமல் அவள் பாட மாட்டாள், வீட்டின் பின்னறையில் பதிவு செய்யும்போதுகூட. மைக்குக்குக் கண் தெரியாதுடி என்று கேலி செய்வேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் நான் அவளை ஆந்தை என்றுதான் கூப்பிடுவேன்.

மேடையில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான். அந்தப் பெயரைக் கேட்டு நாலு பேர் வர ஆரம்பித்த சமயத்தில், அவள் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் தனியா ஒரு ஆல்பம் பண்றேன்க்கா. பாட்டு, மெஷின், குழல் எல்லாம் நானே. வெளியிடறவங்க ஒத்துக்கிட்டாங்க."

"மெஷினும் நீயேவா?"

"நீ வெளிய போற நேரத்துல கத்துக்கிட்டேன். பாட்டெல்லாம் ரெடியா இருக்கு. முடிஞ்சதும் அவங்க ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். ஆனா ரெக்கார்டிங் நீதான் பண்ணித் தரணும். வேற யார் முன்னாடியும் எனக்குப் பாட வராதுக்கா."

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என் பின்னறையில், என் மெஷின்களில், நான் வெளி வேலைக்குப் போன நேரங்களில் ஒரு முழு ஆல்பத்துக்கான பாட்டுகளை எனக்குத் தெரியாமல் செய்து வைத்திருக்கிறாள். வீட்டைக் காலி செய்கிறவள் சாமானை வண்டியில் ஏற்றிவிட என்னையே கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கு வலித்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சண்டை போடவில்லை. சரி என்றேன். குளிர்சாதனப் பெட்டியை மூடு, எல்லாம் கெட்டுப்போகும் என்றேன்.

சில நாளில் அட்டைப்படம் வந்தது. முகத்திரை போட்டுக் கையில் குழலோடு அவள் மட்டும். பின்பக்கத்தில் பாடல், இசை, குரல், குழல் என்று எல்லாவற்றுக்கும் அவள் பெயர். நான் நன்றி சொல்லும் இடத்தில் இருந்தேன், எங்கள் பூனைக்கு அடுத்தபடியாக. "பூனை சீனியருக்கா" என்றாள். அதற்கும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

பாட்டுகள் நன்றாக இருந்தன. இதை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பொறாமையில் செய்தேன் என்று எழுதிவிடுவீர்கள். நான் அமைத்துக் கொடுத்த எதையும்விட அவை நன்றாக இருந்தன. முதல் இரண்டு பாட்டையும் நான் ஒழுங்காகவே பதிவு செய்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது பாட்டில்தான் அடிமடியில் கை வைத்தாள். மெதுவான பாட்டு. ஒரு வீடு, அதில் சன்னலே இல்லாத ஒரு அறை, பின்னால் எப்போதும் யாரோ நிற்கிறார்கள். பல்லவி இப்படிப் போகும்: "கழுத்தைச் சுற்றிய கை அன்பான கை, அதனால் யாரும் அதை விலக்கவில்லை." எங்கள் பின்னறையில் இருந்த ஒரே சன்னலைச் சத்தம் வராமல் இருக்க நான்தான் அடைத்தேன். அவள் கேட்டுத்தான் அடைத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு, நான் வாங்கிக் கொடுத்த மைக்கில், என் பக்கம் திரும்பி அவள் அதைப் பாடினாள். முடித்ததும், "வார்த்தை தெளிவா விழுந்திருக்காக்கா?" என்று கேட்டாள்.

தெளிவாக விழுந்திருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு அவள் ஏற்றச் சொன்னபோதெல்லாம் ஏற்றினேன். முன்பு பாதிதான் ஏற்றுவேன், போதும் என்று அதட்டுவேன். இப்போது அதட்டுவதை நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் ஆரம்பம். தனியாக நிற்கப் போகிறவள், தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டுமே என்று இருந்தேன். சத்தம் அதிகமானால் காது கொஞ்சம் மந்தமாகும், மந்தமானால் இன்னும் ஏற்றச் சொல்லும். பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பது போலத்தான்.

ஹெட்ஃபோனுக்கு ஒலி அனுப்புகிற பெட்டிக்குள் லிமிட்டர் என்று ஒன்று இருக்கும். சத்தம் அளவை மீறினால் அதுவாகவே பிடித்து நிறுத்தும். அதை நான் எடுத்துவிட்டேன். எடுத்தது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், பழுது என்று எழுத வேண்டாம். என் கருவிகள் பழுதாவதில்லை.

பிறகு, அவள் காதுக்குப் போகிற இசைக்கு அடியில் ஒரு மெல்லிய கீச்சு ஒலியைச் சேர்த்தேன். அவளுடைய இசையே உலோகம் உரசுகிற சத்தங்களால் ஆனது. அதற்குள் இன்னொன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. நாளாக ஆக அதையும் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த இடங்களில் நான் என் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவேன். காது எனக்குச் சோறு போடுகிற உறுப்பு.

ஒருநாள் பாட்டு முடிந்து வெளியே வந்தவள் காதைத் தேய்த்துக்கொண்டே, "உள்ள யாரோ விசில் அடிக்கிற மாதிரியே இருக்குக்கா, நிக்கவே மாட்டேங்குது" என்றாள். களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். வெளியீட்டுத் தேதி நெருங்குகிறதே என்றேன். அவளும் சரி என்றாள். அவள் என் பேச்சைத் தட்டுகிறவள் இல்லை, அந்த ஆல்பம் விஷயம் ஒன்றைத் தவிர.

இன்னொரு நாள் அவள் கூடத்தில் உட்கார்ந்து குழலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று, ஆந்தை என்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பூனைதான் திரும்பியது. இன்னும் ஒருமுறை கூப்பிட்டேன். அவள் துணியை உதறி மடித்து வைத்தாள். அன்று எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

வேண்டுமென்றே செய்தேனா என்று மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றுதான் செய்தேன். காது முழுதாகப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. குழலின் மேல் ஸ்தாயி கேட்காமல் போக வேண்டும், சுருதி சேர்ந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டுத்தான் அவள் வாசிக்க வேண்டும், அவ்வளவே. தனியாகப் போக முடியாத அளவுக்குப் போதும் என்று நினைத்தேன். அதிகமாகிவிட்டது. ஒரு காது அநேகமாக இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அந்த அளவுக்கு நான் திட்டமிடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு வேறு.

ஆல்பத்தின் கடைசியில் ஒரு குழல் துண்டு வருகிறது. குரலும் இல்லை, மெஷினும் இல்லை, வெறும் குழல். கேட்பவர்களுக்குத்தான் வெறும் குழல். வாசிக்கும்போது அவள் காதில் தாளமும் சுருதியும் வழிகாட்டியாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றோடு என்னுடையதும். ஹெட்ஃபோனில் சத்தம் மிஞ்சினால் அது வெளியே கசிந்து மைக்கில் விழும், இது கற்றுக்குட்டிக்கும் தெரியும். மற்றப் பாட்டுகளில் மேலே இசை மூடிக்கொண்டது. இதில் அவள் மூச்சு இழுக்கிற இடைவெளிகளிலெல்லாம் அது கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று கத்துவது போல.

அதைப் பதிவிலிருந்து துடைத்திருக்கலாம். வழக்கமாகத் துடைத்துவிடுவேன். ஆனால் அந்தக் கீச்சு இருக்கிற உயரத்தில்தான் குழலின் மூச்சும் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும். எடுத்துப் பார்த்தேன். குழல் செத்துக் கிடந்தது. மறுபடி வாசிக்க வைக்கலாம் என்றால், அதற்குள் அவளுக்கு மேல் சுரங்கள் வழுக்க ஆரம்பித்துவிட்டன. வாசித்துவிட்டு, "சரியா இருந்துச்சாக்கா?" என்று என் முகத்தையே பார்த்தாள். சரியாக இல்லை. அவள் இனி அதை அப்படி வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்த ஒரே நல்ல பதிவு அந்த முதல் பதிவுதான். என்னால் அதைக் கெடுக்க முடியவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் எழுதப் போகிற இடத்தில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஆல்பத்தை வெளியிடுகிறவர்களிடம் மிக்ஸிங் செய்கிறவர், பதிவுகளைச் சேர்த்துச் சரிக்கட்டுகிறவர், காது உள்ள மனிதர். எனக்கு போன் செய்து, "ஹெட்ஃபோன் இவ்வளவு சத்தமாவா வெச்சீங்க? தாளத்தோட வேற ஏதோ கீச்சுன்னு கேக்குதே, என்னங்க அது?" என்றார். கருவிக் கோளாறு என்றேன். அவர் தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துவிட்டேன். போன் பேச்சு அவளுக்கு விளங்கி வெகுநாளாயிற்று. போனில் அவளுக்கு வருகிற செய்திகளையெல்லாம் நான்தான் சத்தமாகச் சொல்லி வந்தேன். எங்களுக்குள் அது சுமுகமாகவே போய்க்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிற பேச்சை அவளே எடுப்பதில்லை. சாப்பிடும்போது என் உதட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். சின்ன வயதில் அப்படித்தான் பார்ப்பாள்.

நேற்றுக் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போயிட்டு வரேன்க்கா" என்றாள். தெருவுக்கே கேட்டிருக்கும். தன் குரல் எவ்வளவு என்பது இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிவதில்லை. எங்கே என்று கேட்டேன். காதில் விழாதது போல் போய்விட்டாள். நிஜமாகவே விழவில்லையோ என்னவோ. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

அந்த மிக்ஸிங் செய்கிறவர்தான் புகார் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரமும் சொல்லிவந்தேன். அவருக்கு என்னோடு என்ன உறவு, அவர் செய்யலாம். இப்போது நீங்கள், கொடுத்தது என் தங்கை என்கிறீர்கள். மிக்ஸிங் செய்கிறவர் அவளுக்கு எழுதி அனுப்பினாராம், அவள் அந்தக் குழல் பதிவை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாளாம். தனக்குக் கேட்காத அந்தச் சத்தத்தை உங்களைக் கேட்கச் சொல்லி, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உங்களிடம் சொன்னதையெல்லாம் அவளிடமே சொல்லியிருப்பேன்.

அவளுக்காக நான் இவ்வளவு செய்திருக்கிறேன், என் ஆந்தை எனக்கு இப்படி ஒரு துரோகம் செய்வாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.