அப்பாவின் பாட்டு மூன்று கட்டம் கீழே

ஹலோ... ஹலோ, கயலு... நான்தான், அருள்மொழி. ஆமா ஆமா, சிதம்பரத்துலதான் இருக்கேன், மண்டபத்துல. அப்பாவோட ரிட்டயர்மென்ட் விழா இன்னைக்குத்தானே... வாழ்த்தெல்லாம் அப்புறம் சொல்லுடி. கிட்டார் கத்துக் குடுத்தவ நீ, நீதான் காப்பாத்தணும். அப்பா கொரல் எறங்கிடுச்சு...

இல்ல இல்ல, ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. காலையில பந்தல்காரர்கிட்ட கத்தினாரு. இத்தன வருசம் பஸ் ஓட்டினப்பகூட அப்படிக் கத்தினதில்ல. இப்ப பாடச் சொன்னா கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி வருது...

கடலூர்லேர்ந்து நீ கெளம்பி வர்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சிடும். போன்லயே சொல்லு...

கேன்சல் பண்ண முடியாதுடி. ஒனக்கு விசயம் தெரியாதா... அம்மா ஒரு வாரமா அப்பாகிட்ட பேசறதில்ல. இவரு கீரப்பாளையத்துல சித்தப்பா வூட்டு விருந்துல ஒக்காந்துகிட்டு, 'என்ன இருந்தாலும் எங்க அக்கா வைக்கிற மீன் கொழம்பு மாதிரி யாருக்கும் வராது'ன்னுட்டாரு. அம்மா பக்கத்துலயே நிக்கறாங்க... ஆமா, பரங்கிப்பேட்ட அத்ததான்... சிரிக்காத. அன்னிலேர்ந்து எங்க வூட்ல மீனே வாங்கல. அவரு எதிர்லயே ஒக்காந்திருப்பாரு, 'ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு'ன்னு என்கிட்ட சொல்றாங்க. அதான் இன்னைக்கு எல்லார் முன்னாலயும் அம்மாவுக்காகப் பாடப் போறாரு. தனியா பாட வெக்கமாம், நான் வாசிச்சாதான் மேடையேறுவாராம்...

ஜி சுருதியிலதான் பழகியிருக்கேன். ஜி, சி, டி, பாட்டு முழுக்க அந்த மூணு கார்டத்தான் மாத்தி மாத்தி மீட்டறேன்... இரு, கேளு. அப்பா, கொஞ்சம் பாடுங்க... ம்... கேட்டுச்சா... எதுல பாடறாரு... ஈ-லயா...

கிட்டார் கழுத்துல மூணு கட்டம் கீழ... சரி சரி. ஒவ்வொரு கார்டையும் மூணு கட்டம் எறக்கணும். ஜி-லேர்ந்து... எஃப் ஷார்ப், எஃப், ஈ. வந்துடுச்சு. சி-லேர்ந்து... பி, ஏ ஷார்ப், ஏ. டி-லேர்ந்து... சி ஷார்ப், சி, பி. ஆக ஈ, ஏ, பி...

பி-யா. பி எனக்கு வராதுடி. ஒரே வெரல எல்லாக் கம்பி மேலயும் படுக்க வச்சு அமுக்கணுமே, அதானே... என் வெரல் நல்லாப் படுக்குது, சத்தம்தான் வர மாட்டேங்குது...

வேற வழி இருக்கா... சொல்லு சொல்லு... டி, ஜி, ஏ வாசிச்சா போதுமா... எப்படிடி. ஈ வேணும்ங்கற, டி வாசிங்கற... ஓ, ரெண்டாவது கட்டத்துல அந்தக் கேப்போ கிளிப்ப மாட்டிட்டா கம்பியெல்லாம் ரெண்டு கட்டம் ஒசந்துடும். டி வாசிச்சா ஈ-யா கேக்கும்... ஆமா ஆமா, புரிஞ்சுது...

கேப்போ இல்ல...

திட்டாத. வாங்கட்டுமான்னு அப்பவே கேட்டேன், நீதான் இப்ப வேணாம்ன...

பென்சிலா... கம்பி மேல குறுக்கால வச்சு ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டணுமா... விழாவுல பென்சிலுக்கு எங்கடி போவேன்... இரு. பவானி அக்கா, ஒங்க மேக்கப் பையில புருவம் வரையற பென்சில் இருக்குதா... குடுங்க... எனக்கு இல்லக்கா, கிட்டாருக்கு... யாரா, அத்த பொண்ணு. ஆமா, மீன் கொழம்பு அத்ததான். அம்மாகிட்ட சொல்லிடாத.

கட்டிட்டேன், தல ரப்பர் பேண்டக் கழட்டி. மொதல்ல எது... டி... அப்புறம்... ஏய்னு கூப்பிட்டியா, ஏ கார்டச் சொன்னியா... சரி, ஏ. அப்புறம் டி... மறுபடி டி...

ஒண்ணுமில்ல, பழனிவேல் மாமா டீ கொண்டாந்துட்டாரு. நான் டி டி-ன்னு கத்திகிட்டே இருக்கேனாம், மூணு டம்ளர்... மாமா, அது கார்டு மாமா... சரி, அப்பாகிட்ட குடுத்துடுங்க. நல்லா சூடா குடிக்கட்டும்...

கயலு, மைக்ல கூப்பிடறாங்க. வச்சிடாத. இயர்போன் மாட்டிக்கறேன், தப்பா வாசிச்சா சொல்லு...

ஆரம்பிச்சுட்டாரு... டி... ஜி... கேக்குதா... என்ன, சேரலயா... மூணு டம்ளரையும் அவரே குடிச்சுட்டாருடி, தொண்ட தொறந்துக்கிச்சு. ஏறிகிட்டே போறாரு... இப்ப எஃப்-ஆ... பென்சில இன்னொரு கட்டம் தள்ளினா சரியாயிடுமா... தள்றேன்... தள்றேன்...

அறுந்துடுச்சு. ரப்பர் பேண்டு... பென்சில் பறந்து போயி அப்பாவோட டெப்போ மேனேஜர் மடியில வுழுந்துடுச்சு. அவரு கையெழுத்துப் போடக் குடுத்தாங்கன்னு நெனச்சுப் பாக்கெட்ல வச்சுகிட்டாரு...

எப்படிடி நிறுத்துவேன், அப்பா பாடிகிட்டு இருக்காரே. அவரு ஒரு பக்கம் போறாரு, நான் ஒரு பக்கம் போறேன்... இரு. அம்மா எழுந்துட்டாங்க... வெளிய இல்ல, மேடைக்கு வர்றாங்க... மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியல. அப்பா பாட்ட நிறுத்திட்டாரு. மைக்க அவர் கையிலேர்ந்து வாங்கிட்டாங்க...

பேசிட்டாங்கடி. அப்பாகிட்டதான், நேரா மூஞ்சியப் பாத்து... 'நீங்க பாடுங்க, நான் கேக்கறேன். அந்தப் புள்ளய மட்டும் கிட்டார நிறுத்தச் சொல்லுங்க'ன்னாங்க...

எனக்கென்ன கோவம். ஒறைக்குள்ள போட்டுட்டேன்... ம்... திரும்பப் பாடறாரு. அம்மா கீழ எறங்கல, மைக்கப் புடிச்சுகிட்டுப் பக்கத்துலயே நிக்கறாங்க... எதுல பாடறாருன்னா கேக்கற... தெரியலடி. நல்லாருக்குது. வைக்கறேன்.