கோச் மேடம் சொல்லாதது

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே! விற்பனை மேலாளர் அவர்களே! பணியாளர் பிரிவு அதிகாரி அம்மா அவர்களே! தொழிற்சாலைத் தலைவர் அவர்களே!

மரியாதைக்காக மட்டும் உங்களை அழைக்கவில்லை. கோச் மேடத்தை வேலையைவிட்டு அனுப்பிய அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நீங்கள் நால்வர். தேநீர்த் தட்டோடு நான். எனக்குப் படிப்பு குறைவு. மறதி அதைவிடக் குறைவு.

சபையோரே! மேடம் செய்த வேலை என்ன? பெரிய பதவிக்குப் போகிறவர்களை அதற்குத் தயார் செய்வது. புத்திமதி சொல்லியா? ஒருநாளும் இல்லை! இரண்டு நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்வார். "மூஞ்சியப் பாத்துட்டே உக்காந்தா மனுஷனுக்கு உண்மை வராது, பெரியம்மா" என்பார். ஒரு கேள்வி கேட்பார். பிறகு காதுதான். அங்கே பேசியது அந்த வாசலைத் தாண்டாது.

நம் தொழிற்சாலைத் தலைவர் அப்போது கிடங்கு மேற்பார்வையாளர். அவர் கத்தினால் லாரி ஹாரன் கேட்காது! "ஒரு வாரம் உத்தரவே போடாதீங்க, கேள்வி மட்டும் கேளுங்க" என்றார் மேடம். மறுநாள் இவர் ஒரு சுமை தூக்குபவரிடம், "நீ என்னப்பா நினைக்கிற?" என்று கேட்டார். அவர் மிரண்டுபோய், "சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். சிரிக்கிறீர்கள். அந்த மனிதர் சொன்ன யோசனையால்தான் சரக்கு ஏற்றும் நேரம் பாதியானது. இவரும் மேலே போனார்.

இவருக்கு அந்தப் பதவி கொடுக்கும் முன் இயக்குநர் மேடத்திடம் கேட்டார்: "இவர் அந்த ரூம்ல என்னென்ன சொன்னார்?"

"அதச் சொல்ல மாட்டேன் சார்."

"உங்களக் கூட்டிட்டு வந்ததே நான்தான்!"

"கூட்டிட்டு வந்தது நீங்க. பேசினது அவர்."

நம்பத்தகாதவர் என்று கடிதம் தயாரானது. விற்பனை மேலாளர் மேசையைப் பார்த்தார். அதிகாரி அம்மா கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தைப் பார்த்தபின் எந்த நிறுவனம் அவரைச் சேர்க்கும்? பத்து மாதம் வீட்டிலேயே கிடந்து, போன வாரம் போய்விட்டார். இன்று இந்த இரங்கல் கூட்டத்தில் அவரை உத்தமி என்கிறீர்கள்! இயக்குநர் அவர்களே, அதை எழுதிக் கொடுங்கள். முன்வரிசையில் மேடத்தின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் கொடுங்கள்.

ஜன்னலைப் பார்த்தபடி அந்தக் கிடங்கு மேற்பார்வையாளர் என்ன சொல்லி அழுதார் என்பது தேநீர் கொண்டுபோன எனக்கும் தெரியும். மேடம் காத்ததை நானும் காப்பேன். இந்தக் கூட்டத்தில் நான் எடுக்கும் உறுதி அதுதான்.

ஆனால் அன்று, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று இயக்குநர் திரும்பிக் கேட்டபோது, "இவங்க மேல எனக்கும் சந்தேகம்தான் சார்" என்று ஒரு குரல் வந்தது. மற்றவர்களை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். உங்களை மாட்டேன், தொழிற்சாலைத் தலைவர் அவர்களே!