தொட்டவன் சொல்ல வேண்டும்

பனித்தளத்தில் நடக்க எல்லோருக்கும் வந்துவிடாது, சார். ஜுருவில் கார் கழுவும் கடையில் எனக்கு இரவு வேலை. முடித்துவிட்டுக் கடல்பாலம் தாண்டித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் ஐஸ் அரங்குக்கு வருவதற்குள் கால் தளர்ந்துவிடும். இருந்தும் நான் ஒருநாளும் விழுந்ததில்லை.

கேலம் ஸ்காட்லாந்துக்காரர். கர்லிங் ஆடியவர். கருங்கல்லைப் பனியில் தள்ளிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம். ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால் தப்பு. அதை நடுவர் சொல்ல மாட்டார். தொட்டவனே சொல்ல வேண்டும். ஏதோ பெரிய இறுதியாட்டத்தில், யாரும் பார்க்காததைத் தானே சொல்லிக் கோப்பையைத் தோற்றாராம். அத்தனை வருட ஆட்டத்தில் அவர் சம்பாதித்தது அந்தக் கதை ஒன்றுதான். அதை விற்றே எங்களுக்குப் பயிற்சியாளராக வந்தார்.

ஸ்காட்லாந்து போட்டிக்கு ஆள் எடுத்த அன்று என் துடைப்பம் கல்லில் பட்டது. மயிரிழை அளவுதான். கேலம் என்னைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"தம்பி?"

நான் உதட்டைப் பிதுக்கினேன். என் இடம் கூட ஆடும் குகனுக்குப் போனது.

"அவருக்குக் கண்ணு இல்லன்னா நெனச்சீங்க, அண்ணே? நீங்களா சொல்லியிருந்தா உங்களத்தான் எடுத்திருப்பாராம்லா" என்று குகன் சிரித்தான்.

பள்ளிக் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்தைப் பாதியில் விட்டவன் நான். விமானம் ஏற எனக்கிருந்த வழி அது ஒன்றுதான்.

காலில் போடும் கர்லிங் சப்பாத்தில் ஒன்றின் அடிப்பாகம் வழுக்கும். நடக்கும்போது அதன்மேல் ரப்பர் உறை மாட்டிக்கொள்வார்கள். எங்கள் கடையில் டயருக்குப் பூசும் பாலிஷ் உண்டு. பக்கவாட்டில் மட்டும்தான் பூசுவோம். தரையில் படும் இடத்தில் பூசினால் வண்டி நிற்காது. கேலமின் உறைக்கு அடியில் பூசினேன்.

மல்லாந்து விழுந்தார். கல்லும் கல்லும் மோதிய சத்தம். குகன் ஓடிவந்து தலையைத் தாங்கினான். கேலம் என்னையே பார்த்தார். உதடு "தம்பி" என்று அசைந்தது. அப்போதும் நான் உதட்டைப் பிதுக்கினேன். இப்போது அவருக்கு நடையும் இல்லை, பேச்சும் இல்லை. அந்தக் கதையை இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

அந்த உறை இருந்த அவர் பையைத் தூக்கினான் என்பதற்காகக் குகனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது, சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கல்லைத் தொட்டது நான். உறையைத் தொட்டதும் நான். அந்த மனிதரை நான் தொடவே இல்லை.